நாடாப்புழு யார் வயிற்றில்?

போன மாதம் ஒரு மருத்துவமனை வராண்டாவில் இரண்டு தாய்மார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இருவர் மடியிலும் ஒரே மாதிரி பெரிய உறை. உள்ளே பிள்ளைகளின் மூளையை எடுத்த சி.டி. ஸ்கேன் படம். இரண்டு படத்திலும் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை வளையம்.

ஒரு தாய் நான் அழைத்துப் போனவர். திருப்பரங்குன்றம் மலைக்கு மேற்கே ஒரு குடியிருப்பில் இருப்பவர். ஒன்பது வயது மகன் வகுப்பறையில் வலிப்பு வந்து விழுந்திருந்தான். இன்னொரு தாய் டவுனுக்குள் இருந்து வந்தவர். வீட்டில் முட்டைகூடச் சேர்ப்பதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவருடைய மகளுக்கும் அதே வலிப்பு, அதே வளையம்.

மருத்துவர் முதலில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "பயப்படாதீங்கம்மா, மாத்திரையில சரியாயிடும். வெளியில பச்சைக் காய்கறி, சாலட் எல்லாம் குடுக்காதீங்க. கை கழுவப் பழக்குங்க" என்றார். அடுத்து எங்கள் முறை. "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "எங்க மாமனாரு பன்னி வச்சிருக்காரு சார்" என்றார் இவர். அவ்வளவுதான். "அதான பாத்தேன். மொதல்ல அந்தப் பன்னியத் தொலைங்க. பிள்ளைக்கு அந்தக் கறியக் குடுக்காதீங்க."

ஒரே புழு. ஒரே மாத்திரை. ஆனால் ஒரு வீட்டுக்கு நோய் வந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் இருந்து நோய் வருகிறது! ஒருவர் நோயாளியின் தாய். இன்னொருவர் குற்றவாளி.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "அக்கா, இவன் பன்னிக்கறி திங்கவே மாட்டான்க்கா. வாடையே ஆகாது. பெறகு எப்புடிக்கா வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு மருத்துவப் புத்தகத்தில் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதில் நம் சமூகத்துக்குப் பிடிக்காத பதில் என்பதால்தான் அது மருத்துவமனை வராண்டா வரைகூட வந்து சேரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பன்றி, மலம், புழு என்று பேசப் போகிறேன். அருவருப்பாக இருந்தால் இருக்கட்டும். அருவருப்பின் அரசியலைப் பேசாமல் சாதியைப் பேச முடியாது.

பன்றிக்கு நாடாப்புழு இல்லை

முதலில் ஒரு பொய்யை உடைப்போம். நாடாப்புழு என்றதும் அது பன்றியின் குடலுக்குள் நெளிவதாகவே பலரும் நினைக்கிறார்கள். படித்தவர்களும்தான். டேனியா சோலியம் என்கிற இந்தப் புழு முழுதாக வளர்ந்து குடித்தனம் நடத்தும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று: மனிதக் குடல். இரண்டு மீட்டர், நான்கு மீட்டர், சில நேரம் அதற்கு மேலும் நீளமாக, வருடக்கணக்கில் அங்கே கிடக்கும். வால் பக்கத்துத் துண்டுகள் முற்றி மலத்தோடு வெளியேறும். ஒரு துண்டுக்குள் 50,000 முட்டைகள் வரை இருக்கும். இப்படி ஒன்று தன் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் அந்த ஆளுக்கே தெரியாது.

அந்த மலம் வெட்டவெளியில் கிடந்தால் பன்றி தின்கிறது. முட்டை பொரிந்து, ரத்தத்தின் வழியே பன்றியின் தசைக்குப் போகிறது. இரண்டு மூன்று மாதத்தில் ஊறவைத்த ஜவ்வரிசி போன்ற நீர்க்கட்டியாக அங்கேயே தங்கிவிடுகிறது. ஆக, பன்றிக்கு வருவது நாடாப்புழு அல்ல. மனிதன் கொடுத்த முட்டையின் கட்டி.

கட்டியுள்ள கறியை அரைவேக்காட்டில் தின்றால் மனிதக் குடலில் நாடாப்புழு வளரும். இங்கேதான் கவனிக்க வேண்டும். கறியால் வருவது குடல்புழு மட்டுமே. மூளையில் கட்டி வருவது முட்டையை விழுங்குகிறவருக்கு. அந்த முட்டை மனித மலத்தைத் தவிர வேறெங்கிருந்தும் வருவதில்லை. குடலில் புழு உள்ள ஒருவரின் கழுவாத கை, அவர் பிசைந்த மாவு, அந்த மலம் கலந்த தண்ணீர், அந்தத் தண்ணீரில் விளைந்த கீரை, கொத்தமல்லி என இப்படித்தான் அது வாய்க்கு வருகிறது. புழு உள்ளவர் தன் கையாலேயே தனக்கும் தன் பிள்ளைக்கும்கூட ஊட்டிவிடலாம்.

மூளையில் புழுக்கட்டி வந்த ஒவ்வொருவரும் இன்னொரு மனிதரின் மலத்தை, அல்லது தன் மலத்தையே, துளியாவது விழுங்கியவர். சைவம், அசைவம் என்ற கணக்கே இதில் இல்லை. அந்தச் சைவ வீட்டுப் பெண்ணுக்கும் எங்கள் பையனுக்கும் ஒரே வளையம் வந்தது இப்படித்தான்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று உண்டு. நியூயார்க்கில் பன்றியைக் கண்ணாலும் பார்க்க விரும்பாத வைதீக யூதர் குடியிருப்பில் நான்கு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி வந்தது. 1992-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானபோது பெரிய பேச்சாயிற்று. லத்தீன் அமெரிக்க நாடுகளில் இருந்து வந்து அந்த வீடுகளில் வேலை பார்த்த பெண்கள் வழியாக முட்டை வந்திருக்க வேண்டும் என்று கண்டறிந்தார்கள். உடனே "பார்த்தீர்களா, வேலைக்காரிதான் காரணம்" என்று நம்மூர்க்காரர்கள் துள்ளுவார்கள். வேலைக்காரப் பெண்ணும் நோயாளிதான். அவர் பிறந்த ஊருக்கு கழிப்பறை வரவில்லை. வேலை கொடுத்தவர்கள் அவர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். அவர் உடம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒருவேளை மாத்திரையில் தீரக்கூடிய புழு அது.

யாருக்கு வந்தால் நோய்?

இந்த நோயின் வரலாறே யாருக்கு வந்தால் அது நோய் என்று கணக்கில் எழுதப்படும் என்பதன் வரலாறுதான்.

இந்தியாவில் பணிபுரிந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வலிப்பு வந்தபோது அதன் காரணத்தைத் தேடினார்கள். 1930-களில் தொடங்கிய அந்தத் தேடல், 1961-இல் டிக்சன், லிப்ஸ்கோம்ப் என்ற இரு மருத்துவர்கள் 450 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை வரை போனது. சிப்பாய்க்கு முதல் வலிப்பு எப்போது வந்தது, எத்தனை வருடம் கழித்து நின்றது என்று பதிந்து வைத்தார்கள். அதே காலத்தில் அதே மண்ணில் வலிப்பு வந்து விழுந்த நம் தாத்தன் பாட்டிகளுக்கு யார் கணக்கு எழுதினார்கள்? கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். முனி அடித்தது என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள்.

சுதந்திர இந்தியாவில் இதை நிமிர்ந்து பார்த்தவர்களில் நம் வேலூர் முக்கியமானது. மூளையில் சின்ன வளையம் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் அவற்றில் பல செத்துக்கொண்டிருக்கும் புழுக்கட்டிகள் என்று 1989-இல் காட்டினார்கள். பிறகு வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கு மேற்பட்ட மக்களிடையே வீடு வீடாகக் கணக்கெடுத்து 2006-இல் வெளியிட்டார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுக்கட்டியே காரணம். தமிழ்நாட்டில்தான் நண்பர்களே, ஆப்பிரிக்காவில் அல்ல.

லக்னோ பக்கம் மோகன்லால்கஞ்ச் பகுதியில் பன்றி வளர்க்கும் மக்களிடம் ஆய்வு செய்தபோது நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் குடலில் நாடாப்புழு இருந்தது. அதாவது பன்றி வளர்ப்பவர்தான் இந்த நோயில் முதலில் அடிபடுகிறவர். அவரை முதல் குற்றவாளி ஆக்குகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2010-இல் சேர்த்தது. 2014-இல் அந்த நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் உணவு வழியே பரவும் 24 ஒட்டுண்ணிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது இந்தப் புழுவுக்குத்தான். புறக்கணிக்கப்பட்ட நோய் என்றால் என்ன? புறக்கணிக்கப்பட்டவர்களுக்கு வரும் நோய். வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

வலிப்பு என்பது மாத்திரையோடு முடிகிற விஷயமா? மணமகனுக்கோ மணமகளுக்கோ அடிக்கடி வலிப்பு வந்தால் திருமணத்துக்குத் தகுதியில்லை, நடந்த திருமணத்தையும் ரத்து செய்யக் கேட்கலாம் என்று இந்துத் திருமணச் சட்டத்திலேயே இருந்தது. 1999-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டத்தில் இருந்து போனது தெருவில் இருந்து போய்விட்டதா? எங்கள் பையனைப் பள்ளியில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். "மூளையில பன்னிப்புழு இருக்காம், தொடாதீங்கடா" என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். தொட்டால் ஒட்டாத ஒரு நோயை வைத்துத் தீண்டாமைக்குப் புதுச் சான்றிதழ் எழுதிவிட்டார்கள். இப்போது அதில் மருத்துவரின் கையெழுத்தும் இருக்கிறது.

வெண்பன்றிக்குப் பயிற்சி, கருப்பன்றிக்கு வண்டி

பன்றி மீது அரசுக்கு வெறுப்பு என்று நினைக்காதீர்கள். அப்படி இல்லை. எங்கள் திருப்பரங்குன்றத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெண்பன்றி வளர்ப்புப் பயிற்சி என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். கொட்டகை எப்படிப் போடுவது, தீவனம் என்ன, குடற்புழு நீக்கம் எப்போது என்று சொல்லித் தருகிறார்கள். நல்லதுதான். யாரும் குறை சொல்லவில்லை. 2021-இல் மாற்றியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 சதவீத மானியம், 30 லட்சம் ரூபாய் வரை. அந்த முழு மானியம் வேண்டுமானால் 100 பெண் பன்றியும் 10 ஆண் பன்றியும் கொண்ட பண்ணை போட வேண்டும். நிலம் வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், திட்ட அறிக்கை வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு நாலு பன்றி, ஆறு பன்றி. நிலம் என்பது படுக்கிற இடம் மட்டும். அந்தக் கருப்பன்றிக்கு அரசாங்கத்தில் வேறு பெயர். அது கால்நடை இல்லை. "சுகாதாரச் சீர்கேடு". அதைத் தேடிக் கால்நடை மருத்துவர் வரமாட்டார், வண்டி வரும். சுருக்குக் கம்பி போட்டு இழுத்து, காலைக் கட்டி, லாரியில் எறிந்து கொண்டுபோவார்கள். தமிழ்நாட்டின் நகரங்களில் இந்தக் காட்சியைப் பார்க்காத சேரி உண்டா? ஒரு குடும்பத்தின் சேமிப்பு அது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், பிரசவச் செலவு, சாவுச் செலவு எல்லாம் அந்தக் காலில் கட்டிய கயிற்றில் போகும். ஆட்டை இப்படி அள்ளிப் போக முடியுமா? மாட்டை?

வெண்பன்றி வளர்ப்பவர் தொழில்முனைவோர். கருப்பன்றி வளர்ப்பவர் ஆக்கிரமிப்பாளர். பன்றிக்கும் நிறம் பார்க்கிற நாடு இது.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் காட்டுநாயக்கன் மக்கள் சாதிச் சான்றிதழுக்காக எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள்! "நீங்கள் அந்தப் பழங்குடிதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பன்றியைப் பிடிக்க வரும் நாளில் மட்டும் எந்த ஆதாரமும் கேட்பதில்லை. யார் வீட்டில் பன்றி இருக்கும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

2023-இல் 'மாமன்னன்' வந்தது. பன்றி வளர்க்கும் நாயகனைத் திரையில் பார்த்துத் தமிழ்நாடே பேசியது. அதற்குப் பத்து வருடம் முன்பு மராத்தியில் 'ஃபன்றி' வந்தபோதும் பேசினோம். திரையில் பன்றிக்குட்டிக்கு அழுத கண்கள் தெருவில் பன்றி வண்டி வரும்போது எங்கே போய்விடுகின்றன?

2025 தொடக்கத்தில் இந்தத் திருப்பரங்குன்றத்து மலைமேல் ஆடு, கோழி பலியிடலாமா, கறி சாப்பிடலாமா என்று தடையுத்தரவு போடும் அளவுக்குச் சண்டையைக் கொண்டுபோனார்கள். எங்கெங்கிருந்தோ கொடிகள் வந்தன. மலைமேல் யார் எதைத் தின்கிறார்கள் என்பதில் அவ்வளவு அக்கறை. மலையடிவாரத்துப் பிள்ளைகள் எதை விழுங்குகிறார்கள் என்று கேட்க ஒரு கொடியும் வரவில்லை.

மருந்து இருக்கிறது

சரி, பன்றிக்கு இந்தக் கட்டி வந்தால் என்ன செய்வது? கொல்வதா? தேவையே இல்லை. குணப்படுத்தலாம்.

ஆக்ஸ்ஃபெண்டசோல் என்று ஒரு மருந்து. ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கிற பழைய குடும்பத்து மருந்துதான். பன்றிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் வாய்வழியாக ஒரே ஒரு வேளை. முப்பது கிலோ பன்றிக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த ஒரு வேளை தசையில் உள்ள கட்டிகளைக் கொன்றுவிடும். கூடவே பன்றியின் குடலில் உள்ள உருண்டைப்புழுக்களும் போகும். தின்கிற தீவனம் உடம்பில் ஒட்டும். மருந்து கொடுத்த பன்றியை 21 நாள் அறுக்கக் கூடாது. செத்த கட்டிகளின் தழும்பு கறியில் மறைய அதற்கு மேலும் சில வாரம் ஆகும்.

ஒரு எச்சரிக்கை: ஆட்டுக்கு வாங்கிய மருந்தை அதே அளவில் பன்றிக்கு ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பன்றிக்கு வேண்டிய அளவு அதைவிடப் பல மடங்கு. மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது. மருத்துவர் வர வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையே.

மறுபடி தொற்றாமல் இருக்கத் தடுப்பூசியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவினர் உருவாக்கியது. அதை 'சிஸ்வாக்ஸ்' என்ற பெயரில் தயாரிப்பது எந்த நாடு தெரியுமா? இந்தியாதான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம். பன்றியின் இந்த நோய்க்கு உலகிலேயே முதல் தடுப்பூசி அது. அந்த நிறுவனம் யாருடையது? தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தினுடையது. பசுவின் பெயரால் நடக்கும் வாரியத்தின் நிறுவனமே பன்றிக்குத் தடுப்பூசி செய்துவிட்டது! நம் ஊர்க் கருப்பன்றி வரைக்கும் அது வந்து சேர மட்டும் வழியைக் காணோம். நான் வேலை பார்க்கும் குடியிருப்புகளில் ஒரு பன்றிகூட இந்த ஊசியைப் பார்த்ததில்லை.

தடுப்பூசி புதிதாகத் தொற்றுவதைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ள கட்டியைக் கொல்லாது. அதனால் மருந்தும் ஊசியும் சேர்ந்தே போக வேண்டும். முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு இடைவெளி விட்டு ஊக்க ஊசி. இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குப் பெரு நாட்டைக் காட்டுகிறேன். அந்நாட்டின் வடக்கே தும்பெஸ் என்ற வறண்ட, ஏழைப் பிரதேசம். அங்கே மனிதர்களுக்குப் புழு மாத்திரை, பன்றிகளுக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல், தடுப்பூசி என்று ஊர் ஊராகப் போனார்கள். கடைசிக் கட்டத்தில் 107 கிராமங்கள், 80,000-க்கு மேல் மக்கள், 55,000-க்கு மேல் பன்றிகள். முடிவில் 105 கிராமங்களில் பன்றிகளிடம் உயிருள்ள கட்டியே கிடைக்கவில்லை. 2016-இல் முடிவு வெளியானது. பன்றிகளை ஒழித்து அல்ல, பன்றிகளுக்கு வைத்தியம் பார்த்து.

நம் நாட்டில் திட்டமே இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி போட வேண்டியவற்றில் மாடு, எருமை, செம்மறி, வெள்ளாட்டோடு பன்றியின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. ஊர் மந்தையில் முகாம் போடும்போது மாடு வரும், எருமை வரும். ஊர் மந்தைக்குச் சேரியில் இருந்து பன்றியை ஓட்டிக்கொண்டு போக முடியுமா? முகாம் எங்கே போடப்படுகிறது என்பதிலேயே யாருடைய கால்நடை கால்நடை என்பது முடிவாகிவிடுகிறது.

சிலர் கேட்கும் கேள்விகள்

"தெருவில் பன்றி திரிவதை ஆதரிக்கிறீர்களா?" இல்லை. பன்றி கொட்டிலில்தான் இருக்க வேண்டும். திரிகிற பன்றிதான் மலத்தைத் தின்று கட்டி பிடிக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியும். கொட்டில் போட இடம் கொடுங்கள். மாட்டுக்கு மேய்ச்சல் புறம்போக்கு என்று ஒன்று இருந்த ஊர்தானே இது? சேரி ஓரத்தில் பொதுக் கொட்டிலுக்குச் சில சென்ட் நிலம் ஒதுக்க முடியாதா? இடமும் தராமல், பன்றியையும் வைக்காதே என்றால் அதற்குப் பெயர் சுகாதாரம் இல்லை, வெளியேற்றம்.

"அந்தத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதானே?" இதை நம் தோழர்களும் கேட்கிறார்கள். செத்த மாட்டுக் கறியை விடு என்று அம்பேத்கர் மஹாத்தில் சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள். அவர் விடச் சொன்னது திணிக்கப்பட்ட இழிவை. தன் காசில் வாங்கித் தன் உழைப்பில் வளர்த்து விற்கும் பிராணி இழிவு இல்லை. விட விரும்புகிறவர் விடட்டும், அவர் பிள்ளை வேறு வேலைக்குப் போகட்டும், மகிழ்ச்சி. ஆனால் வெண்பன்றிப் பண்ணைக்கு 30 லட்சம் தருகிற அரசு எங்களைப் பார்த்து "விட்டுவிடு" என்று சொல்லக் கூடாது.

"மருந்து கொடுத்தாலும் மறுபடி மலத்தைத் தின்றால் மறுபடி வராதா?" நல்ல கேள்வி. மருந்து குடித்த பன்றிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் புதிய கட்டி பிடிப்பதில்லை. அதற்குள் ஊசி வேலை செய்யத் தொடங்கும். ஆனால் மலம் வெளியில் கிடக்கும் வரை முட்டையும் கிடக்கும் என்பது உண்மை. 2019 அக்டோபர் 2 அன்று இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். அந்த நேரத்தில் தொடங்கிய தேசிய குடும்பநல ஆய்வில் 19 சதவீதக் குடும்பங்களுக்குக் கழிப்பறையே இல்லை. நான் போகும் குடியிருப்பில் இருபத்தாறு வீட்டுக்கு நான்கு பொதுக் கழிப்பறை. இரண்டுக்குக் கதவில்லை. ஒன்றில் தண்ணீர் இல்லை. இருட்டியபிறகு பெண்கள் கண்மாய்க் கரைக்குத்தான் போகிறார்கள். பன்றியும் அங்கேதான் போகிறது. யாரைப் பிடிக்க வண்டி அனுப்ப வேண்டும், சொல்லுங்கள்?

கடைசியாக ஒரு கேள்வி, மிக நெருக்கமானவர்களிடம் இருந்து: "இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய்? பன்றிக்கறியில் புழு என்று நீயே எழுதினால் அவர்களுக்குத் தடி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?"

யோசித்தேன். இரண்டு வாரம் இதை எழுதாமல் வைத்திருந்தேன். நம் உணவைக் கேவலப்படுத்துகிறவர்களுக்கு எதிராக மேடையில் கறி தின்று காட்டியவள்தான் நானும். ஆனால் நம் பிள்ளை வகுப்பறையில் நுரை தள்ளி விழும்போது, நம் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் புழுவைப் பற்றிப் பேசாமல் இருப்பது யாருக்கு உதவும்? மௌனத்தால் புழு சாகாது. கறியில் ஜவ்வரிசி மாதிரி கட்டி தெரிந்தால் அதை விற்காதீர்கள், தின்னாதீர்கள் என்று நம் ஆட்களிடம் நாமே சொல்ல வேண்டும். கறியை உள்ளே சிவப்பே இல்லாமல் முழுதாக வேகவையுங்கள். நன்றாக வெந்த கறியில் இந்தப் புழு உயிரோடு இருக்காது. அவசரச் சுக்காவும் அரைவேக்காட்டு வறுவலும் வேண்டாம். மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு தெரிந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசிகுவான்டெல் அல்லது நிக்லோசமைடு ஒரு வேளையில் தீர்ந்துவிடும். வீட்டில் யாருக்காவது வலிப்போ தீராத தலைவலியோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மூளையில் கட்டி உள்ளவருக்குச் சில புழு மருந்துகளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் நாம் செய்வோம். செய்கிறோம். ஆனால் கை கழுவத் தண்ணீர் தர வேண்டியது யார்?

நாங்கள் கேட்பது

ஒன்று, நாட்டுப்பன்றியைக் கால்நடைக் கணக்கில் எழுதுங்கள். வளர்ப்பவர் பெயரில் அட்டை கொடுங்கள். அட்டை உள்ள பன்றியை அறிவிப்பும் இழப்பீடும் இல்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது.

இரண்டு, ஆக்ஸ்ஃபெண்டசோலும் தடுப்பூசியும் இலவசமாக, குடியிருப்புக்கே வந்து போட வேண்டும். மாட்டுக்கு வருகிற மாதிரி. மருந்து கொடுத்த 21 நாள் விற்க முடியாமல் இருப்பதற்கும், கட்டியுள்ள கறியை அழிப்பதற்கும் ஈடு கொடுங்கள். ஈடு இல்லையென்றால் எந்த ஏழையும் உண்மையைச் சொல்லமாட்டார்.

மூன்று, பன்றி வளர்க்கும் குடியிருப்புகளில் மட்டும் அல்ல, வலிப்பு நோயாளி இருக்கும் எல்லாத் தெருவிலும் குடல் நாடாப்புழுவுக்குப் பரிசோதனை நடத்துங்கள். டவுனில் அந்தச் சைவ வீட்டைச் சுற்றியும் நடத்துங்கள். அந்தக் குழந்தைக்கு முட்டை கொடுத்த புழு இன்னும் யாரோ ஒருவர் வயிற்றில் இருக்கலாம். அது சேரிக்காரர் வயிறாகத்தான் இருக்கும் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு வேளை அல்பெண்டசோல் மண் வழியாகப் பரவும் குடற்புழுக்களுக்கானது. இந்த நாடாப்புழுவுக்கு அது போதாது.

நான்கு, கதவும் தண்ணீரும் விளக்கும் உள்ள கழிப்பறை. ஒரு வீட்டுக்கு ஒன்று. இதைச் செய்தால் மேலே சொன்ன மூன்றும் ஒருநாள் தேவையில்லாமலே போகும். இந்தப் புழுவுக்கு மனித மலமும் வெட்டவெளியும் சேர்ந்து வேண்டும். ஒன்றை மறுத்தால் அதற்கு வாழ வழியில்லை.

போன வாரம் அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறான். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. பள்ளியில் பேசியதில் இப்போது மறுபடி மற்ற பிள்ளைகளோடு உட்கார்கிறான். தாத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வைத்திருந்த ஐந்து பன்றியில் மூன்றைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். "பேரனுக்கு நம்மளாலதான் வந்துச்சோன்னு ராத்திரி தூக்கமே இல்ல தாயி" என்றார். உங்களால் இல்லை ஐயா என்று புழுவின் கதையை முதலில் இருந்து சொன்னேன். கடைசி வரை தலையாட்டிக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப மாட்டுக்குச் சீட்டு எழுதித் தர்றாக பாரு, அது மாதிரி நம்ம பன்னிக்கும் எழுதித் தருவாகளா தாயி?"

தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்போம் என்றேன். அடுத்த கால்நடை முகாம் எந்த ஊர் மந்தையில் போட்டாலும், மீதி இருக்கும் அந்த இரண்டு பன்றியோடு நாங்கள் வருகிறோம். ஊசி போடுங்கள். சீட்டு எழுதுங்கள்.

ஜெய் பீம்.